சிரித்த இடம்

உள்ளே சிரித்தார்கள். பியூலாவின் காதில் விழுந்துவிட்டது. மழை இன்னும் கொஞ்சம் வலுத்திருந்தால் விழுந்திருக்காது, தகரக் கூரை மேலே அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது, பொம்மி வாசிக்கிற குரலே வெளியே வரவில்லை, ஆனால் சிரிப்பு மட்டும் வந்துவிட்டது. பாழாய்ப்போன சிரிப்பு. முதலில் ஒரு பெண் குரல், மாதியாகத்தான் இருக்கும், அவள்தான் வாயைத் திறந்தால் எதிர்மலைக்குக் கேட்கிற ஆள், பிறகு மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள், ஒருத்தர் அடங்கும்போது இன்னொருத்தர் கிளப்பிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. சமுதாயக் கூடத்து வாசலில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த டாக்டர் பியூலா தங்கராணி, பல்கலைக்கழகத்து மொழியியல் பேராசிரியை, குடிக்க எடுத்த காப்பியைப் பெஞ்சில் வைத்துவிட்டாள். ஏனென்றால் உள்ளே வாசிக்கப்படுவது சிரிப்புக் கதை இல்லை. இயேசு பிடிபட்டு, அடிபட்டு, சிலுவையில் சாகிற பகுதி. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை, இருக்கவும் கூடாது. அவள் அப்பா நாசரேத் பக்கம் ஒரு சின்னச் சபையில் உபதேசியார், பெரிய வெள்ளிக்கிழமை அந்தப் பகுதியை வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார், பின்வரிசைவரை விசும்பும். அதே பகுதியைத்தான் இவள் இந்த மலையில் இருக்கிற கோவடர் ஜனங்களின் பேச்சில் கொண்டுவந்திருக்கிறாள், இவ்வளவு காலம் மெனக்கெட்டு, கண் பூத்துப்போய், கல்யாணங்காட்சி எல்லாவற்றையும் தள்ளிப்போட்டு. அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.

எழுந்து போய்க் கதவைத் தள்ளிவிடலாமா என்று கால் துறுதுறுத்தது. கூடாது. மொழிபெயர்த்தவர் உள்ளே இருக்கக் கூடாது என்பது இந்த வேலையில் கட்டாயம். இருந்தால் கேட்க வந்தவர்கள் கதையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்ப்பார்கள், அவர் புருவம் ஏறினால் பதிலை மாற்றிக்கொள்வார்கள், தலையாட்டினால் அதையே பிடித்துக்கொள்வார்கள். அதனால் இதற்கு முன்னால் இந்தக் கதையைக் கேட்டே இராத ஆட்களாகப் பார்த்து உட்காரவைத்து, துண்டு துண்டாக வாசித்துக் காட்டி, ‘இப்ப நீங்க கேட்டதை உங்க வாயால சொல்லுங்க’ என்று கேட்க வேண்டும். பொம்மி இந்த ஊர்ப் பெண், பள்ளிக்கூட டீச்சர், அவள் வாசிப்பாள், அவர்கள் திருப்பிச் சொல்வதை இங்கிலீஷில் லால்தாங்காவுக்குச் சொல்வாள். லால்தாங்கா மிசோரத்துக்காரர், இதை எல்லா மொழியிலும் சோதித்துச் சோதித்தே தலை நரைத்தவர், முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார். அவர் சரி என்றால் அச்சுக்குப் போகும். சரியில்லை என்றால், அவ்வளவுதான், இந்த மொழிக்கு இதோடு மூடுவிழா. அச்சுப் போடுகிற பெங்களூர் ஆபீசில் மறைக்காமலேயே சொல்லிவிட்டார்கள். “கோவடர் எல்லாருக்கும்தான் தமிழ் தெரியுமே மேடம், தமிழ்லயே படிச்சுக்கட்டும், எதுக்குத் தனியா?” வருகிற ஜூனில் பியூலாவுக்கு ஓய்வு. அதற்கப்புறம் இந்த மலைக்கு ஏறிவர எவன் இருக்கிறான். ஏறிவந்தாலும் இவர்கள் பேச்சைக் காதில் வாங்கி நாக்கில் பழக்கி எழுத்தில் வைக்க அவனுக்கு எத்தனை வருஷம் ஆகும், அதற்குள் பிள்ளைகள் எல்லாம் கூடலூர் பள்ளிக்கூடத்தில் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மாறிவிட்டிருக்கும். உள்ளே இருக்கிற மூன்று பேர் வாயில் இருக்கிறது எல்லாம். அந்த வாய்கள் சிரித்துக்கொண்டிருக்கின்றன.

எங்கே சிரித்தார்கள், அதுதான் தெரிய வேண்டும். வாசிக்கத் தொடங்கியபோது மழை இல்லை, அப்பம் பிட்டது கேட்டது, தோட்டத்தில் கலங்கினது கேட்டது, வாளை உருவிக் காதை வெட்டினது பாதி கேட்டது, அதோடு மழை பிடித்துக்கொண்டது. காதிலா சிரித்தார்கள். இல்லை, அதைத் தாண்டி எவ்வளவோ நேரம் ஆச்சு. துணியைப் போட்டுவிட்டு அம்மணமாக ஓடினானே ஒரு வாலிபன், அங்கே சிரிக்கலாம், எந்த ஊரிலும் சிரிப்பார்கள், அது குற்றம் இல்லை. ஆனால் அதுவும் தாண்டித்தான் இருக்க வேண்டும். தலைமை ஆசாரியனை என்னவென்று போட்டோம், பெரிய பூசாரி என்று போட்டோம், அதில் ஒன்றும் இல்லை. அவன் சட்டையைக் கிழித்துக்கொண்டானே, அதுவா, கோபம் வந்தால் சட்டையைக் கிழிக்கிறவனைப் பார்த்து இங்கே குடித்துவிட்டானா என்றுதான் கேட்பார்கள். அதற்கு அந்தச் சிரிப்பு சிரிப்பார்களா. தொடையைத் தட்டுகிற சத்தம்கூட வந்ததே. பக்கத்தில் பெள்ளன் பெஞ்சின் மறுகோடியில் கம்பளியை மூடிக்கொண்டு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். இந்த வேலையில் அவளுக்குச் சரிபாதி அவன், அவன் சொல்லச் சொல்லத்தான் இவள் எழுதினாள், அவனுக்கும் உள்ளே இடம் இல்லை, அதைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. சோதனை என்றதும், “அக்கா, நல்லா தூங்கலாம்” என்றான். எழுப்பிக் கேட்டால் என்ன சொல்வான், கொட்டாவி விட்டுக்கொண்டு சிரிச்சா நல்லதுதானே என்பான். கொடுத்துவைத்தவன்.

சிரிப்பு என்றதும் தொடையில் சுரீரென்றது, அம்மா கிள்ளிய இடம், இன்னும் அங்கேயே இருக்கிறது. அப்போது என்ன வயசு, ரெட்டைச் சடைக்கு வெள்ளை ரிப்பன் கட்டின வயசு. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை, வேர்வை, நாக்கு வறண்டுபோய் உபவாசம், அப்பா பீடத்தில் நின்று தழுதழுக்கிறார், அப்போது பார்த்து ஒரு கோழி பக்கவாசல் வழியாக உள்ளே வந்து, பெரியவர் எவரோ கழற்றிவைத்த செருப்பில் ஏறி நின்று, சபையைப் பார்த்து ஒருதரம் கொக்கரித்தது. அவ்வளவுதான். பியூலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது, வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது, அம்மா கிள்ளினாள், கிள்ளக் கிள்ள இன்னும் வந்தது. ஆண்டவர் சாகும்போது சிரிச்ச பிள்ளை என்று அதற்கப்புறம் வீட்டில் அதுவே பேர். அப்பா மட்டும் திட்டவில்லை, ராத்திரி சாப்பிடும்போது, “கோழி உள்ளதுதானே அந்தக் கதையில” என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடித்தார். எதற்கு இப்போது அது. காப்பி ஆறிப்போய் மேலே ஆடை படிந்துவிட்டது. பல்கலைக்கழகத்துத் துறையில் வேறு மாதிரி, அங்கே எல்லாரும் மரியாதையாகத்தான் சிரிப்பார்கள். “மேடம், நீங்க மலைக்கு ஆராய்ச்சிக்குப் போறீங்களா, ஊழியத்துக்குப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டு டீ கிளாசைப் பார்த்துக்கொள்வார்கள். சபையிலோ ஐயர், அங்கே பாதிரியாருக்கு அதுதான் பேர், கூப்பிட்டு, “வேதத்தை ஆராய்ச்சி மேசையில வச்சு அறுக்கியளாமே, ஜெபம் உண்டா?” என்று கேட்டார். இரண்டு பக்கமும் பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. ஒரு கட்டத்தில் பதில் சொல்வதையே விட்டாள், இது அச்சாகி வரட்டும், அதுதான் பதில் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பதில் உள்ளே சிரிப்பாய்ச் சிரிக்கிறது.

மழை ஒரு தரம் தணிந்து மறுபடி பிடித்தது, அந்த இடைவெளியில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. மச்சான்மார். ஐயோ, மச்சான்மார். கோவடர் சாவு வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, பார்க்காதவர்களுக்கு நம்பக் கஷ்டம். ஆள் செத்ததும் அவன் பெண்டாட்டியின் அண்ணன் தம்பிகள் வருவார்கள். அழுதுகொண்டு வர மாட்டார்கள். செத்தவன் வேட்டியை அவிழ்த்துவிட்டுச் சிவப்புச் சேலை சுற்றுவார்கள், கொடியை வளைத்துத் தலையில் கிரீடம் வைப்பார்கள், கையில் ஒரு நாணல் குச்சியைச் செருகுவார்கள், பிறகு வரிசையாக முன்னால் மண்டிபோட்டு, “ராசா, எழுந்திரும், பொண்ணு பாக்கப் போலாம்” என்று கும்பிடுவார்கள், அதே குச்சியைப் பிடுங்கித் தலையில் ஒரு தட்டு. வீடே சிரிக்கும், தாலி இழந்தவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். மச்சான்மார் கேலி செய்து அனுப்பாவிட்டால் உயிர் வீட்டைவிட்டுப் போகாது என்பது அவர்கள் கணக்கு. பியூலா இந்த மலைக்கு முதன்முதலில் வந்தபோது பார்த்த சாவு அது, அதைப் பற்றி எழுதின கட்டுரைதான் அவளைப் பேராசிரியை ஆக்கியது. இப்போது உள்ளே பொம்மி என்ன வாசிக்கிறாள். சிப்பாய்கள் அவரைப் பிடித்துச் சிவப்பு அங்கி போர்த்தி, முள்ளால் கிரீடம் பின்னித் தலையில் வைத்து, ராஜா என்று மண்டிபோட்டு, நாணல் கோலால் தலையில் அடித்து. ஒன்று விடாமல் அப்படியே இருக்கிறது. சேலை, கொடி, குச்சி, மண்டி, ராசா. இரண்டும் இவள் ஒரே மண்டைக்குள்தான் இத்தனை காலம் கிடந்தன, ஒன்று ஆராய்ச்சி அலமாரியில், ஒன்று வேத அலமாரியில், ஒருநாள்கூட ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொள்ளவில்லை. பெள்ளனுக்குத் தோன்றாது, அவன் தாத்தா காலத்திலேயே சபையில் சேர்ந்த குடும்பம், கேலி கூடாது என்று ஐயர் நிறுத்திவிட்டார், அவர்கள் வீட்டுச் சாவில் பாட்டுப் புத்தகம்தான். ஆனால் மாதி அப்படி இல்லை. மாதியும் மற்ற இரண்டு பேரும் சபைவாசலையே மிதிக்காதவர்கள், அதனால்தானே தேடிப்பிடித்து உட்காரவைத்தது. அவர்களுக்கு அந்தச் சிப்பாய்கள் யார், மச்சான்மார். பாசமாக வந்து முறையாகக் கேலி செய்து அனுப்பிவைக்கிற நல்ல மச்சான்மார். கொடுமை என்று ஒன்று நடந்ததே அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. மாதி சிரித்துவிட்டு, நல்ல சாவு என்று சொல்வாள், பொம்மி அதை இங்கிலீஷில் சொல்வாள், லால்தாங்கா பேனாவை மூடிவைப்பார். முடிந்தது.

சேலையை மாற்றி வேறு துணி என்று போட்டிருக்கலாம். கொடி என்கிற பேச்சே வராமல் முள் என்று மட்டும் அழுத்தியிருக்கலாம். மாற்றினால் மட்டும் என்ன, மண்டிபோட்டதை வேறு எப்படிச் சொல்வது. ஓர் அடிக்குறிப்பு போட்டிருக்கலாம், அடிக்குறிப்பை எவன் வாசித்துக் காட்டுவான். புத்தி அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது, சேலை, கொடி, குச்சி, மறுபடி சேலை, ஆணியில் மாட்டின முந்தானையாக ஓர் அடி நகர மாட்டேன் என்றது. மேற்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தாள், ஜூன் வரைக்கும் லீவு போட்டுவிட்டு இங்கேயே இருந்து முதலிலிருந்து பார்க்கலாம், ஆனால் யாரை வைத்துப் பார்ப்பது, இன்னொரு சோதனைக்கு லால்தாங்காவை யார் அனுப்புவார்கள், கேட்காத காதுகள் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கின்றன. நெஞ்சுக்குள் ஒரு வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் கழித்துத்தான் அது ஜெபம் என்று தெரிந்தது, ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும், அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாமல். பயமாக இருந்தது. இந்த வயசில் ஓர் ஆள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி நகத்தைக் கடிப்பாளா. கடித்தாள்.

அப்புறம் உள்ளே ஒன்றுமே கேட்கவில்லை. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மழையும் விட்டது, கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும், தூரத்தில் தேயிலைக் காட்டில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். சிரிப்பே தேவலை போலிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டாள். பொம்மியின் குரல் மெல்லிசாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் போனது, சொல் பிடிபடவில்லை. நடுவில் யாரோ செருமினார்கள். திடீரென்று மாதியின் குரல், சத்தமாக, கோபமாக, ஒரு கேள்வி மாதிரி, மறுபடியும் அதே கேள்வி. ஆண் குரல் ஏதோ சமாதானம் சொன்னது. அப்புறம் நாற்காலி இழுபட்டது, கதவு திறந்தது, மாதி வெளியே வந்தாள். தேயிலை பறிக்கிறவள், இடுப்பில் இன்னும் அந்தத் தார்ப்பாய்த் துணி கட்டியிருந்தாள். பியூலாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதலில் வெற்றிலையைத் துப்பினாள். இந்த ஊரில் பியூலாவைப் பெள்ளனுக்கு அக்கா என்று முறை வைத்துவிட்டார்கள், மாதி பெள்ளன் பெண்டாட்டியின் அக்கா, அதனால் இருவரும் மதினிகள், எப்போது பார்த்தாலும் கேலிதான் பேச வேண்டும், அதுதான் மரியாதை. இன்றைக்கு மாதி கேலி பேசவில்லை.

“யாரு மதினி அவனுங்க?” என்றாள் கோவடர் பேச்சில்.

பியூலா பெஞ்சிலேயே நிமிர்ந்தாள். “எவனுங்க?”

“அதான், சேலை சுத்தினவனுங்க, கிரீடம் வெச்சவனுங்க. உள்ளே அந்த சாரைக் கேக்கறேன், அவரு பதிலே சொல்ல மாட்டேங்கறாரு, நீ என்ன நெனைக்கறேன்னு என்னையே திருப்பிக் கேக்கறாரு. அவனுங்க அந்த மனுசனுக்கு மச்சானுங்களா?”

பதில் சொல்லக் கூடாது, முகத்தில்கூடக் காட்டக் கூடாது, சோதனை முடியவில்லை. பியூலா ஆறின காப்பியைப் பார்த்துக்கொண்டு, “நீங்க என்ன நெனைக்கறீங்க மதினி?” என்றாள், குரல் அவளுடையதாகவே இல்லை.

“மச்சானா இருந்தா செத்த பெறகு இல்ல வருவான்? இவனுங்க உசிரோட இருக்கறவனுக்குச் செய்யறானுங்க. முள்ளுல வெக்கறானுங்க. துப்பறானுங்க. மச்சான் துப்புவானா? எங்க மலையில வேத்தாளு ஒருத்தன் வந்து மச்சான் கையால செய்ய வேண்டியதை உசிரோட இருக்கறவனுக்குச் செஞ்சுட்டுப் போனான்னா அங்கயே வெட்டு விழும். கொன்னுருந்தாக்கூடப் பரவாயில்ல. அதைச் செஞ்சுட்டுக் கொல்றானுங்க.” மாதிக்கு மூச்சு இறைத்தது. “அந்த மனுசனுக்கு ஒரு மச்சான்கூடவா இல்ல? செத்த பெறகாவது வந்து முறை செய்ய ஒருத்தன் இல்லையா? சிரிச்சு அனுப்ப ஆளில்லாம அப்படியே கல்லை வெச்சு மூடிட்டாங்களா?”

பியூலா பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வருகிறது என்பார்களே, அது இவ்வளவு சூடாக வரும் என்று அவளுக்குத் தெரியாது, காது மடல்வரை சுட்டது. இவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அப்பாவும் விசும்பின சபையும் பார்க்காத ஒன்றை, அந்த அலமாரி இரண்டுக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். கட்டுரை எழுதினவளுக்கு அது தோன்றவில்லை. தோன்றாமல் போனால் போகிறது, நல்லவேளை, தோன்றியிருந்தால் சேலையை மாற்றித் தொலைத்திருப்பாள். ஆனாலும் இன்னொன்று மிச்சம் இருந்தது, அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அப்ப எதுக்கு மதினி சிரிச்சீங்க? அப்படி ஒரு சிரிப்பு.”

மாதியின் முகம் சட்டென்று அவிழ்ந்தது. “அது அந்தப் பேதுரு. நெருப்புல குளிர்காஞ்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான், வேலைக்காரப் பொண்ணு வந்து நீயும் அவங்கூட இருந்தவன்தானேங்கறா, எனக்கு அந்தாளைத் தெரியவே தெரியாதுங்கறான். எங்க வீட்டு ஆளு அப்படியே. போன வருசம் காட்டிலாகா ஜீப்பு வந்து, வெறகு வெட்டினது யாரு, ஒங்க தம்பிதானேன்னு கேட்டதுக்கு, எனக்குத் தம்பியே இல்லைன்னு அடுப்பு மேல சத்தியம் பண்ணுனாரு. தம்பி பக்கத்துல நிக்கறான். நான் சொல்லவும் எல்லாரும் சிரிச்சுட்டோம். பெறகு கோழி கூப்புட்டுச்சு, அவன் அழுதான். அதோட எங்களுக்குச் சிரிப்பு போச்சு.” கொஞ்சம் நிறுத்தி, தார்ப்பாய்த் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்டாள். “அவன் திரும்பி வந்தானா இல்லையா? அதைச் சொல்லுங்க, நான் சாப்பிடப் போறேன். இல்லைன்னா போகமாட்டேன்.”

கோழி உள்ளதுதானே அந்தக் கதையில. அப்பா கஞ்சியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

பின்னாலேயே லால்தாங்கா வந்தார். பெஞ்சிலிருந்த ஆறின காப்பியை எடுத்து, ஆடையோடு ஒரே மடக்கில் குடித்தார், அது யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை. “கல்லை வைத்து மூடுகிறதோடு நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றேன், மூன்று பேரும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள்” என்றார் இங்கிலீஷில். பிறகு கீழே ஈரத் தேயிலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “நான் இதை எத்தனையோ மொழியில் கேட்டிருக்கிறேன் பியூலா. அவனுக்கு மச்சான் இல்லையா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. மீதியையும் வாசித்துவிடுகிறோம், நீங்கள் அச்சுக்கு ஏற்பாடு பண்ணுங்கள்.” பியூலா மூக்கை உறிஞ்சினாள், முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அச்சு. ஜூனுக்கு முன்னால். துறையில் டீ கிளாசைப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், ஐயர் ஜெபம் உண்டா என்று கேட்டால் இன்றைக்கு நகம் தேயத் தேய உண்டு என்று சொல்லலாம், பெங்களூரில் தமிழ்லயே படிச்சுக்கட்டும் என்றவனைக் கூட்டிவந்து மாதி எதிரில் உட்காரவைக்க வேண்டும். இதெல்லாம் ஒன்றும் செய்யப்போவதில்லை, தெரியும், ஆனாலும் நினைத்துக்கொள்ளச் சுகமாக இருந்தது. உடம்பெல்லாம் லேசாக, துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருந்தது.

மாதி உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, சாத்தச் சொல்லி லால்தாங்காவும் சொல்லவில்லை. பியூலா உள்ளே பார்க்காமல் மலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், முகம் தெரியக் கூடாது அல்லவா. இப்போது பொம்மி வாசிப்பது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது, பெள்ளனும் அவளும் மண்ணெண்ணெய் விளக்கடியில் மல்லுக்கட்டின சொற்கள், இப்போது யாரோ பெற்ற பிள்ளைகளைப் போல நடந்து போயின. பெண்கள் வாசனைத் தைலம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். “முறை செய்யப் போறாங்க” என்றாள் மாதி உள்ளே, யாரிடமும் இல்லாமல். கல் புரண்டு கிடக்கிறது. வெள்ளை உடுத்தின ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், பயப்படாதீங்க என்கிறான், அவர் இங்கே இல்லை, எழுந்துவிட்டார், போய் அவருடைய ஆட்களுக்குச் சொல்லுங்கள் என்கிறான். சொல்லிவிட்டு, எல்லாரோடும் சேர்க்காமல், அந்த ஒருத்தனை மட்டும் தனியாகப் பேர் சொல்லி, பேதுருவுக்கும் மறக்காமல் சொல்லிவிடுங்கள் என்கிறான்.

பொம்மி நிறுத்தினாள். அப்புறம் மாதி தொடங்கினாள், மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள், அடக்க மாட்டாமல், ஒருத்தர் அடங்கும்போது இன்னொருத்தர் கிளப்பிவிட்டு, அதே சிரிப்பு. நடுவில் ஒரு குரல் அழுகிற மாதிரியும் கேட்டது. பெஞ்சின் மறுகோடியில் பெள்ளன் திடுக்கிட்டு விழித்து, கம்பளியை விலக்கி, கண்ணைக் கசக்கினான்.

“என்னக்கா, உள்ளே சிரிக்கறாங்க?”

“சிரிக்கட்டும்” என்றாள் பியூலா. சொல்லும்போதே அவளுக்கும் வந்துவிட்டது, வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது. இந்த முறை கிள்ள யாரும் இல்லை.